இணையத்தில் 'கம்ஃபர்ட்' சைக்கிள் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை மறந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பந்தயமோ நெடும்பயணமோ இவர்களின் நோக்கமில்லை. காலையில் அரை மணி நேரம் தெருக்களைச் சுற்றிவருவது, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை வரையோ தெப்பக்குளம் வரையோ போய் வருவது, வழியில் ஒரு டீ, அவ்வளவுதான். செலவு பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்க வேண்டும், வண்டியை இணையத்திலேயே வாங்க வேண்டும் என்பவர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

'கம்ஃபர்ட் சைக்கிள்' என்பது எது?

முதுகை வளைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி அமைந்த வண்டி. ஹேண்டில் பார் சீட்டுக்குச் சமமான உயரத்திலோ அதற்கு மேலாகவோ இருக்கும், அதன் பிடிகள் ஓட்டுபவரை நோக்கிச் சற்றே வளைந்து வரும், சீட்டு அகலமாக இருக்கும், டயர் நடுத்தரத் தடிமனில் இருக்கும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கம்பி பிரேக்கும் ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டுமாக நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு வண்டியும் இதே உட்காரும் முறையில் செய்யப்பட்டதுதான். அதன் எடையையும், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையில் ஓடும் உயரமான பாரையும் குறைத்துவிட்டால் கிட்டத்தட்ட இன்றைய கம்ஃபர்ட் சைக்கிள் வந்துவிடும்.

எந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும்?

'பைக்' என்று தேடினால் மோட்டார் சைக்கிள் கவரும் ஹெல்மெட்டும்தான் வந்து நிற்கும். இந்தியத் தளங்களில் இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 'சிட்டி சைக்கிள்', 'ஹைப்ரிட் சைக்கிள்', 'லேடீஸ் சைக்கிள்' என்ற தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. மூன்றாவது தலைப்பைப் பார்த்து ஆண்கள் விலகிவிட வேண்டாம். பார் தாழ்ந்த வண்டியில் காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போடாமலே ஏறி இறங்கலாம் என்பதால், வேட்டி கட்டுபவருக்கும் இடுப்பு வலி உள்ளவருக்கும் அறுபதைக் கடந்தவருக்கும் அதுவே பொருத்தமானது. ஒரே வண்டியை வீட்டில் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுவதற்கும் இதுதான் வசதி. தலைப்பைவிடப் படத்தை நம்புங்கள்: பக்கவாட்டுப் படத்தில் ஹேண்டில் பிடி சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால், விளம்பரத்தில் எத்தனை முறை 'கம்ஃபர்ட்' என்று எழுதியிருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

கியர் இல்லாத நல்ல வண்டி ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஏழு கியர் உள்ளது பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் வரும். சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி என்று காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

எம்.ஆர்.பி. இருபதாயிரம், இன்று மட்டும் எட்டாயிரம் என்ற வகை அறிவிப்புகளில் அந்த இருபதாயிரத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அந்த வண்டியை அந்த விலைக்கு யாராவது வாங்கியிருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வண்டி விலைக்கு மேல் இன்னும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை தனியாக எடுத்து வையுங்கள். மெக்கானிக் கூலி, காற்றடிக்கும் பம்பு, பூட்டு, பெல், மட்கார்டு இல்லையென்றால் அது, ராத்திரி ஓட்டுவதாக இருந்தால் முன்விளக்கு, பின்விளக்கு என்று செலவு நீளும். பெட்டிக்குள் இவற்றில் பாதிகூட இருக்காது.

ஓட்டிப் பார்க்காமல் அளவை எப்படி முடிவு செய்வது?

பலரும் சக்கர அளவையும் ஃபிரேம் அளவையும் குழப்பிக்கொள்கிறார்கள். 26 அங்குலம், 27.5 அங்குலம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது சக்கரத்தின் அளவு. உங்கள் உயரத்துக்குப் பொருந்த வேண்டியது ஃபிரேம் அளவு, அது விவரப்பட்டியலின் அடியில் எங்காவது ஒளிந்திருக்கும். தோராயமாகச் சொன்னால், ஐந்தடி முதல் ஐந்தடி நான்கு அங்குலம் வரை உள்ளவருக்கு 16 அல்லது 17 அங்குல ஃபிரேம், ஐந்தடி எட்டு வரை 18, அதற்கு மேல் 19 அல்லது 20 சரியாக இருக்கும்.

உயரத்தைவிட நம்பகமானது கால் நீளம். வெறுங்காலுடன் சுவரில் முதுகு சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் சீட்டு அழுத்துவதுபோல் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். நேரான பார் உள்ள வண்டியானால், பாரின் உயரம் இந்த அளவைவிடக் குறைந்தது ஓர் அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். பார் உயரத்தைப் பட்டியலில் போடாத விற்பனையாளரிடம் கேள்விப் பகுதியில் கேட்டால் சிலர் பதில் தருவார்கள். பதில் வராவிட்டால் பார் தாழ்ந்த வண்டியை எடுப்பது பாதுகாப்பு.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறுபவர்கள் சிறியதை எடுக்கலாம். சிறிய ஃபிரேமில் சீட்டை உயர்த்திக்கொள்ள முடியும், பெரிய ஃபிரேமை எதுவும் செய்ய முடியாது.

கியர் அவசியமா?

சென்னை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற சமதள ஊர்களில் அவசியமில்லை. அங்கே ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், அதை இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் கேலி செய்யப் போவதில்லை. சென்னையில் ஏற்றத்தைவிட எதிரே வீசும் கடற்காற்றுதான் காலைச் சோதிக்கும். அதற்கும்கூட விடியற்காலையில் ஓட்டினால் தீர்வு கிடைத்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் கதை வேறு, கியர் இல்லாமல் அங்கே ஓட்ட முடியாது.

கியர் வேண்டுமென்று முடிவு செய்தால் பின்பக்கம் மட்டும் ஏழு கியர் உள்ளதைத் தேடுங்கள். '21 கியர்' என்று விற்பவை முன்னால் மூன்று பல்சக்கரங்களும் பின்னால் ஏழும் கொண்டவை. அந்த இருபத்தொன்றில் பல ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே விகிதம்தான். முன்பக்கக் கியர் மாற்றியைச் சரியாக அமைப்பது மலிவான வண்டிகளில் பெரும் தலைவலி. கியர் இல்லாத வண்டிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. செயின் ஒரே கோட்டில் ஓடுவதால் முழுச் செயின் கவர் போடலாம். புடவையும் துப்பட்டாவும் பேன்ட் நுனியும் சிக்காது, கிரீஸ் கறையும் படாது.

சஸ்பென்ஷன் இருந்தால் குலுங்காது அல்லவா?

விலை உயர்ந்த மலைச் சைக்கிளில் அப்படித்தான். பத்தாயிரம் ரூபாய் வண்டியில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான முன்ஃபோர்க்கில் இருப்பது பெரும்பாலும் வெறும் சுருள் ஸ்பிரிங். அது எடையை இரண்டு கிலோ அளவுக்குக் கூட்டும், பெடலை அழுத்தும்போதெல்லாம் கொஞ்சம் அமுங்கி நம் உழைப்பைத் தின்னும், ஒரு மழைக்காலம் கழிந்தால் துருப்பிடித்து இறுகியும் போகும். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த 'டபுள் சஸ்பென்ஷன்' வண்டிகளை இந்த விலையில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

குலுக்கலை வாங்கிக்கொள்ளும் வேலையை டயரிலுள்ள காற்று இதைவிட நன்றாகச் செய்யும். 1.75 முதல் 2.1 அங்குலம் வரை அகலமுள்ள டயரில், பக்கச்சுவரில் அச்சிட்ட வரம்புக்குள் சற்றே குறைவாகக் காற்று வைத்துப் பாருங்கள். அந்த வரம்பு பொதுவாக 40 முதல் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று இருக்கும். அறுபது, அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் 45 வைத்து ஓட்டினால் வேகத்தடையின் அடி பாதியாகத் தெரியும். கடைக்காரர்கள் கல்லுப்போல் அடித்துத்தான் தருவார்கள், அது அவர்கள் பழக்கம்.

அகலமான மெத்தைச் சீட்டுதானே நல்லது?

ஓரளவு வரை. உட்காரும்போது எடை தாங்க வேண்டியவை இடுப்பின் கீழுள்ள இரண்டு எலும்பு முனைகள், அவை இரண்டும் சீட்டின் மேல் நன்றாகப் பதிந்தால் போதும். நிமிர்ந்து உட்காரும் வண்டியில் உடல் எடை முழுவதும் சீட்டில் இறங்குவதால் கொஞ்சம் அகலம் தேவைதான். ஆனால் பஞ்சுபோல் அமுங்கும் ஜெல் சீட்டு பத்து நிமிடம் சுகமாக இருந்துவிட்டு, பிறகு எலும்புக்கு இடையிலுள்ள மென்மையான பகுதியை அழுத்தத் தொடங்கும். அடியில் இரண்டு ஸ்பிரிங் உள்ள, விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் சீட்டே நெடுநாள் உழைக்கும். புதிதாக ஓட்டத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரம் வலிக்கும். அதற்காக உடனே சீட்டை மாற்ற வேண்டாம்.

டிஸ்க் பிரேக் உள்ளதை வாங்கலாமா?

நிதானமாக ஓட்டுபவருக்கு ரிம்மைப் பிடிக்கும் 'வி பிரேக்' தாராளமாகப் போதும். பிரேக் கட்டை தேய்ந்தால் எந்தச் சிறு கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். மலிவான டிஸ்க் பிரேக்கின் மெல்லிய தட்டு, லாரியில் வரும் பெட்டி ஓரிடத்தில் அமுங்கினால்கூட வளைந்துவிடும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'சர்ர்... சர்ர்' என்று உரசிக்கொண்டே வரும்.

டயரில் உள்ள எண்களை ஏன் பார்க்க வேண்டும்?

ஆறு மாதம் கழித்துப் புது டயர் வாங்கும்போது தெரியும். 26 x 1⅜ என்ற டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது, 26 x 1.95 என்பது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. இரண்டுமே '26 சைஸ்' என்று சொல்லப்பட்டாலும் ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கச்சுவரில் 50-559 என்பதுபோல் சிறிய எழுத்தில் ஓர் இணை எண் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. ஊரில் எளிதில் கிடைக்கும் டயர் அளவுள்ள வண்டியை வாங்குவது புத்திசாலித்தனம். பக்கத்துக் கடையில் '26 x 1.95 இருக்கிறதா' என்று ஒரு முறை விசாரித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

'85 சதவீதம் பொருத்தப்பட்டது' என்று போட்டிருக்கிறதே, மீதியை நானே பொருத்த முடியுமா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் வண்டி சுகமாக ஓடுவதும் முதல் வாரமே மூலையில் கிடப்பதும் அந்த மீதிப் பதினைந்து சதவீதத்தில்தான் இருக்கிறது. பெட்டியில் பின்சக்கரமும் செயினும் பொருத்தப்பட்ட நிலையில் வரும். ஹேண்டில் பார், முன்சக்கரம், பெடல்கள், சீட்டு ஆகியவற்றை நாம் பொருத்த வேண்டும். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீகளும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும் இருந்தால் கைப்பழக்கமுள்ளவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் மூன்று இடங்களில் தவறு நிகழ்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது பெடல். வலது பெடல் சாதாரண நட்டுப்போல் கடிகாரச் சுற்றில் இறுகும், இடது பெடலின் மரை தலைகீழானது, எதிர்ச்சுற்றில்தான் இறுகும். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றிப் போட்டு ஸ்பேனரால் வலுவாகத் திருகினால் கிராங்கின் (பெடல் மாட்டும் கையின்) மரை தின்றுபோகும், அதன் பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். முதல் நான்கு சுற்றையும் விரலாலேயே திருகுங்கள். விரலுக்குப் போகாவிட்டால் ஏதோ தவறு என்று பொருள்.

இரண்டாவது முன்ஃபோர்க். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் புது வண்டியை ஓட்டிக்காட்டக் கீழே அழைத்தார், வளைவில் திரும்பும்போதெல்லாம் முன்சக்கரம் அவர் கால் நுனியில் இடித்தது, அவரோ ஃபிரேம் சிறியது என்று விற்பனையாளரைத் திட்டிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தால் ஃபோர்க்கே பின்பக்கம் திரும்பியிருந்தது. பெட்டியில் அப்படித் திருப்பி வைத்து அனுப்புவது வழக்கம், அவர் ஹேண்டிலை அதற்கேற்றபடி மாட்டிவிட்டார். வி பிரேக் ஃபோர்க்கின் முன்பக்கம் இருக்க வேண்டும், ஃபோர்க்கின் நுனி முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பார்த்த பிறகே ஹேண்டிலை இறுக்குங்கள்.

மூன்றாவது சீட்டுக் கம்பி. அதில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும், அந்தக் கோடு ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால்தான் உங்களுக்குச் சரியாக இருக்கிறதென்றால், அந்த ஃபிரேம் உங்களுக்குச் சிறியது.

உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் இணையத்தில் வாங்கிய வண்டியைத் தொடுவாரா?

பெரும்பாலும் தொடுவார், ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டு. அவருடைய வியாபாரம்தானே போனது, முணுமுணுக்க உரிமை உண்டு. வண்டியைக் கொண்டுபோய் 'ஃபிட்டிங் பண்ணிக் கொடுங்க' என்று மட்டும் சொல்லாமல், வேலைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுக்க வேண்டும், ஆக்ஸில் கோன்களை (சக்கர அச்சின் இரு பக்கமும் உள்ள கூம்பு நட்டுகளை) தளர்வில்லாமலும் இறுகாமலும் வைக்க வேண்டும், பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படும்படி அமைக்க வேண்டும், கியர் இருந்தால் டியூன் செய்ய வேண்டும். கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்போக்ஸ் கம்பிகள் சற்றுத் தளரும், அப்போது மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும்.

சில நிறுவனங்கள் தங்கள் மெக்கானிக் பொருத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று விதி வைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வண்டி சேதமாக வந்தால்?

பெட்டியைப் பிரிப்பதை முதல் டேப்பிலிருந்து இறுதிவரை ஒரே காணொளியாகக் கைபேசியில் எடுத்துவிடுங்கள். ரிம் நெளிந்திருக்கிறதா, ஃபோர்க்கில் கீறல் உண்டா, கியர் மாற்றி தொங்கும் பகுதி உள்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்தத் தொடங்குங்கள். பொருத்தி ஓட்டிய வண்டியைத் திருப்பி எடுக்கச் சொன்னால் தகராறு வரும்.

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கு மேலும் போக வேண்டுமானால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக்கட்டணம் கிடையாது. விற்பனையாளர் எங்கோ பஞ்சாபில், லூதியானாவில் இருக்கிறாரே என்று விட்டுவிடத் தேவையில்லை.

ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது. வண்டி பிடிக்கவில்லையா?

முதலில் சீட்டு உயரத்தைப் பாருங்கள். கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்பவர்கள் அதிகம். அப்படி ஓட்டும்போது முழங்கால் கடைசிவரை மடங்கியே இருக்கிறது. பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்கும். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே விரல் நுனிதான் தரையைத் தொடும், நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக்கொள்ள வேண்டும். பயம் இருந்தால் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக உயர்த்திக்கொண்டு போகலாம். இதன் பிறகும் வலித்தால் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

கடலோர ஊரில் துருப்பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது?

உப்புக்காற்று செயினைத்தான் முதலில் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழைய துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். தையல் இயந்திர எண்ணெய்கூட அதற்கு மேல். வருடத்துக்கு ஒரு முறை வண்டியைப் பிரித்து ஓவராயில் செய்து, அச்சுகளில் உருளும் பால்ஸ் குண்டுகளுக்குக் கிரீஸ் மாற்றினால் போதும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் மட்டும் எண்ணெய் படவே கூடாது.

பில்லைத் தவிர வேறு எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, கிராங்க் பொருந்தியிருக்கும் குழாயின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொதுவாக ஃபிரேம் எண் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுங்கள். பில்லில் அந்த எண் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இல்லையென்றால் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி காணாமல் போய்க் காவல் நிலையத்துக்குப் போனால், 'நீல நிறம், முன்னால் கூடை' என்பதைவிட அந்த எண்தான் எடுபடும்.